சேலைக்கு ஒரு மகமை

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆரணி நகரத்திலும் தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு போன்ற சுற்றுவட்டார ஊர்களிலும் தறியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தப் பெயர் ஒரு பொதுச் சொத்து. வயல், தோப்புபோல் பட்டா போட்டுப் பிரித்துக்கொள்ள முடியாத சொத்து. 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் அதைத் தனி ஆளுக்குக் கொடுப்பதில்லை. உற்பத்தியாளர்களின் சங்கமோ, அவர்கள் நலனுக்காகப் பேசும் அமைப்போதான் விண்ணப்பிக்க முடியும். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். அந்தப் பெயரைப் பயன்படுத்தும் நெசவாளரும் தனித்தனியே தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பொய்யாகப் பயன்படுத்துபவரைச் சிறைக்கு அனுப்பவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

சட்டம் இவ்வளவு சொல்கிறது. விசைத்தறியில் ஓட்டிய சேலையைக் கைத்தறி ஆரணிப் பட்டு என்று ஒரு கடை விற்றால் அங்கே போய் அந்தச் சேலையை விலை கொடுத்து வாங்குவது யார்? அதைச் சோதனைக்கு அனுப்பும் செலவு யாருடையது? வக்கீல் நோட்டீசுக்கும் வாய்தா நாளுக்கும் சென்னை போய்வரப் பஸ் கட்டணம் எங்கிருந்து வரும்? இந்தச் சில்லறைச் செலவுகளுக்குச் சட்டப் புத்தகத்தில் பதில் இல்லை. பொதுச் சொத்தைக் காக்கப் பொதுப்பணம் வேண்டும். ஆரணியில் பட்டுக்கோ கைத்திறனுக்கோ குறைவில்லை. இந்தப் பொதுப்பணத்தைச் சேர்க்கும் ஏற்பாடுதான் இல்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

நம்மூர்த் தொழில் சங்கங்களின் நடைமுறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு லெட்டர்பேடு, ஒரு ரப்பர் ஸ்டாம்பு, தலைவர், செயலாளர், பொருளாளர், கௌரவ ஆலோசகர்கள் என்று நீளும் பெயர்ப்பட்டியல். ஜரிகை விலை ஏறினால், கூலி உயர்வுப் பேச்சு வந்தால், சங்கம் விழித்துக்கொள்ளும். திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டத்தில் மனு கொடுக்கும். ஒரு நாள் ஆர்ப்பாட்டம் நடக்கும். பிறகு அடுத்த பிரச்சினை வரும்வரை அலுவலகக் கதவு சாத்தியே கிடக்கும். செலவெல்லாம் தலைவர் கைப்பணம். இல்லாவிட்டால் ஜவுளி முதலாளி ஒருவரின் நன்கொடை. தேர்தல் காலமானால் வேட்பாளரின் தயவு. உறுப்பினர் சந்தா என்று விதிமுறைப் புத்தகத்தில் ஒரு தொகை அச்சாகியிருக்கும். கடைசியாக அதை எப்போது வசூலித்தார்கள் என்று கேட்டால் பொருளாளர் சிரிப்பார்.

இதற்கு உறுப்பினர்களின் அக்கறையின்மைதான் காரணம் என்று மேடையில் திட்டுவது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. 2023-இல் கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 300 யூனிட்டாக உயர்ந்தது. அதற்காக மனு கொடுத்த சங்கத்தில் இருந்தவர் வீட்டிலும் அந்தச் சலுகை வந்தது. சங்கம் இருப்பதே தெரியாதவர் வீட்டிலும் வந்தது. அப்படியானால் சந்தா கட்டியவர் ஏமாளி என்றுதானே கணக்கு வரும்? அமெரிக்கப் பொருளியலாளர் மான்கர் ஓல்சன் 1965-இல் கூட்டுச் செயல்பாட்டின் தர்க்கம் பற்றி எழுதிய நூலில் இதைத்தான் விளக்கினார். பலன் எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்குமானால், பெரிய கூட்டத்தில் ஒவ்வொருவரும் மற்றவர் செலவு செய்யட்டும் என்று ஒதுங்கி நிற்பார்கள். அது கெட்ட குணம் அல்ல, கணக்கு. உறுப்பினராக இருந்தால் மட்டுமே கிடைக்கும் ஏதாவது ஒன்று சங்கத்திடம் இருந்தாலொழிய அந்தக் கணக்கு மாறாது. மனு கொடுப்பதை மட்டுமே தொழிலாகக் கொண்ட சங்கம் வெற்றி பெறப் பெற மெலிந்து போவதன் ரகசியம் இதுதான்.

சந்தா வசூலிக்கத் தெரியாத மக்களா நாம்? தலைக்கட்டு வரி கட்டாத கிராமம் வட தமிழகத்தில் உண்டா? கூழ் ஊற்றுவதற்கும் தேர் இழுப்பதற்கும் வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர் கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். வசூலிக்கிறார்கள். திருவிழா முடிந்ததும் வரவு செலவைக் கோயில் வாசலில் வாசிக்கிறார்கள். வெளியூர் போனவனும் பணம் அனுப்பிவிடுகிறான்.

இதைவிடவும் கூர்மையான ஏற்பாடு ஒன்று தென்மாவட்டங்களில் இருந்தது: மகமை. நாடார் வணிகர்கள் தங்கள் சரக்கு நடமாட்டத்தின் மேல் தாங்களே போட்டுக்கொண்ட சிறு வரி அது. மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று சரக்கு நகரும் இடத்திலேயே எடுத்து வைக்கப்பட்டது. விருதுநகரில் 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அப்படிச் சேர்ந்த பொதுப்பணத்திலும் வீடுதோறும் எடுத்து வைத்த பிடியரிசியிலும் வளர்ந்த பள்ளி. கோயில் நுழைவுக்கே போராட வேண்டியிருந்த ஒரு சமூகம் பள்ளி கட்டியது, 1910-இல் மகாஜன சங்கம் அமைத்தது, 1921-இல் வங்கி தொடங்கியது. பெரிய வள்ளல்களும் அதில் இருந்தார்கள்தான். ஆனால் அடித்தளம் வள்ளல்கள் போட்டதல்ல.

மகமையில் கவனிக்க வேண்டியது தொகையின் அளவை அல்ல, அது பிடிக்கப்பட்ட நேரத்தை. கையில் பணம் புழங்கும் தருணத்தில், தொழிலின் ஓட்டத்தோடு சேர்ந்தே அது போய்விடும். ஆண்டுக்கு ஒரு முறை வீடு வீடாகப் போய் 360 ரூபாய் கேட்டுப் பாருங்கள். பாதிப்பேர் அடுத்த வாரம் வரச் சொல்வார்கள். சேலையை அறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்துக் கூலி வாங்குகிற அன்று 15 ரூபாய் எடுத்துவைப்பது யாருக்கும் உறைக்காது. நெசவாளருக்கு இது புதிதும் அல்ல. கூட்டுறவு நெசவாளர்களின் சேமிப்பு, பாதுகாப்புத் திட்டம் 1975 முதல் தமிழகத்தில் நடக்கிறது. கூலியில் ரூபாய்க்கு எட்டுக் காசு பிடித்தம்; அரசும் தன் பங்கைச் சேர்க்கும். கூலிச் சீட்டிலேயே பிடித்துவிடுவதால்தான் அது நிலைத்தது.

உலகத்துக்குக் கூட்டுறவைச் சொல்லிக்கொடுத்தவர்களிலும் நெசவாளர்கள் உண்டு. இங்கிலாந்தின் ராச்டேலில் 1844 டிசம்பர் 21 அன்று டோடு லேன் என்ற சந்தில் ஒரு சிறு மளிகைக் கடையைத் திறந்த முன்னோடிகளில் பலர் கம்பளித்துணி நெய்தவர்கள். முதல் 28 பவுண்டைச் சேர்க்க அவர்கள் வாரத்துக்கு இரண்டு பென்ஸ், பிறகு மூன்று பென்ஸ் என்று கட்டினார்கள். ஊரை மூன்று பகுதிகளாகப் பிரித்து ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கே ஆள் அனுப்பி வசூலித்தார்கள். ஓர் ஆளுக்கு ஓர் ஓட்டு என்பதும், உபரியில் நூற்றுக்கு இரண்டரையை உறுப்பினர் கல்விக்கு ஒதுக்குவதும் அவர்கள் வகுத்த வழிகள். இன்று அந்தக் கொள்கைகளைச் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறோம்; ஞாயிற்றுக்கிழமை வசூலை மறந்துவிட்டோம்.

"ஆரணியில் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்கெனவே இருக்கின்றனவே, இன்னொரு சங்கம் எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983-இல் இயற்றப்பட்டது. 2013-இலும் 2018-இலும் சங்கங்களுக்குத் தேர்தல் நடந்தது. அதற்கு முன்னும் பின்னும் தேர்ந்தெடுத்த நிர்வாகம் இல்லாமல் தனி அலுவலர் கையில் அவை இருந்த காலம் கொஞ்சமல்ல. நூல் வாங்குவது வங்கிக் கடனில், விற்பது அரசின் தள்ளுபடியில், நட்டம் வந்தால் தீர்ப்பதும் அரசு. 2011-இல் மத்திய அரசு கைத்தறிச் சங்கங்களின் பழைய கடனைத் தீர்க்க 3,884 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. தேவையான உதவிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தன் பணம் இல்லாத இடத்தில் நெசவாளர் உறுப்பினராக உட்காருவதில்லை, பயனாளியாக நிற்கிறார். ‘சொசைட்டி’யை அவர் அரசு அலுவலகங்களில் ஒன்றாகத்தான் பார்க்கிறார். கூட்டுறவுச் சங்கம் உற்பத்தியையும் விற்பனையையும் பார்த்துக்கொள்ளட்டும். தனியார் முதலாளிக்கு நெய்பவர், சொந்தமாக நெய்து விற்பவர், கூட்டுறவுக்கு நெய்பவர் என மூன்று வகையினரையும் சேர்த்து, ஆரணிப் பட்டு என்ற பெயரைக் காக்கும் வேலையை லாப நோக்கில்லாத உறுப்பினர் சங்கம் ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் வாதம்.

அதன் வரவை ஓர் ஊகக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். 600 தறிகள் சேர்கின்றன; தறிக்கு மாதம் இரண்டு சேலை; சேலைக்கு 15 ரூபாய் மகமை. ஆண்டுக்கு 14,400 சேலை, 2,16,000 ரூபாய். மாதம் 10,000 ரூபாய் சம்பளத்தில் ஓர் எழுத்தர் வைத்தால் 1,20,000. மாதம் 3,000 ரூபாய் வாடகைக்கு ஓர் அறை என்றால் 36,000. மீதி 60,000 ரூபாய் சோதனைக்கும் நோட்டீசுக்கும் பயணத்துக்கும். பெரிய தொகை அல்ல; ஆனால் ஆண்டுதோறும் வரும், யாருடைய தயவிலும் வராது. நெசவாளருக்கு ஆண்டில் 360 ரூபாய் செலவு. லாப நோக்கற்ற அமைப்பு தன் உறுப்பினரிடம் வாங்கும் சந்தா ஆளுக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய்க்குள் இருந்தால் ஜிஎஸ்டி விலக்கும் 2018 முதல் இருக்கிறது.

எழுத்தருக்குப் பாதிக்குமேல் போகிறதே என்று பொதுக்குழுவில் யாராவது எழுந்து கேட்பார்கள். சங்கங்கள் செத்துப்போவது பெரும்பாலும் இந்தச் சிக்கனத்தால்தான். சேவை மனப்பான்மையில் எல்லா வேலையையும் நிர்வாகிகளே செய்வார்கள் என்பது முதல் ஆறு மாதத்துக்கு உண்மை. செயலாளரும் தறியில் உட்கார வேண்டியவர்தானே? தினமும் கதவு திறந்திருக்கும் அறையும், அங்கே எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் பொறுமையாக உட்கார்ந்திருப்பதும்தான் உறுப்பினருக்குச் சங்கம் தரும் முதல் பலன். புவிசார் குறியீட்டைப் பயன்படுத்துபவராகப் பதிவு செய்யும் கட்டணத்தை 2020-இல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்தார்கள். பத்து ரூபாய் கொடுக்க முடியாதவர் யாரும் இல்லை. அந்தப் படிவத்தைப் பூர்த்தி செய்து அனுப்பத்தான் ஆள் இல்லை. நெசவாளர் அடையாள அட்டை, முத்ரா கடன், காப்பீடு, ஓய்வூதியம் என்று இன்னும் எத்தனையோ படிவங்கள் இருக்கின்றன. இவற்றை உறுப்பினருக்கு மட்டும் முடித்துக்கொடுங்கள். ஓல்சனின் கணக்கு திரும்பிவிடும்.

சேலைக்கு ஒரு மகமை என்று வைப்பதில் இன்னொரு லாபம் இருக்கிறது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. 15 ரூபாய்க்கு ரசீது கொடுக்க வேண்டும் அல்லவா? ரசீதில் ஓர் எண் இருக்கும். எந்தத் தறி, யார் நெய்தது, எந்தத் தேதியில் அறுத்தது என்பதெல்லாம் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே ஏறும். அதே எண்ணைச் சிறு அட்டையில் அச்சிட்டுச் சேலையில் கட்டிவிட்டால் சந்தாப் பதிவேடே சேலையின் பிறப்புப் பதிவேடாகிவிடும். போலியைப் பிடிக்கக் கடை கடையாக அலைய வேண்டியதில்லை. அட்டை இல்லாத சேலையை ஏன் ஆரணிப் பட்டு என்று விற்கிறீர்கள் என்று வாங்குபவரே கேட்பார். இது நடக்காத கற்பனை அல்ல. 2004-இல் மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் தொடங்கிய சில்க் மார்க் இப்படித்தான் நடக்கிறது. அதை நடத்துவது கர்நாடகத்தில் பதிவான ஒரு சொசைட்டி. கடைக்காரர்களும் உற்பத்தியாளர்களும் கட்டணம் செலுத்தி உறுப்பினராகிறார்கள், ஹாலோகிராம் ஒட்டிய அட்டைகளை விலை கொடுத்து வாங்குகிறார்கள். சில்க் மார்க் பட்டு சுத்தமானதா என்று சொல்லும். எந்த ஊர்த் தறியில் நெய்தது என்று சொல்லாது. அந்த இடைவெளி ஆரணிக்குத்தான் காத்திருக்கிறது.

நன்கொடை வேண்டவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தொழிலதிபர் ஒருவர் சோதனைக் கருவி வாங்கிக்கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், கல்வெட்டிலும் பெயர் பொறிக்கலாம். மாதாமாதம் வரும் வாடகையையும் சம்பளத்தையும் மட்டும் அவர் தலையில் கட்டக்கூடாது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901-இல் நிறுவியபோது பாண்டித்துரைத் தேவர் அள்ளிக்கொடுத்தார். தமிழ் உலகம் அதற்குக் கடமைப்பட்டிருக்கிறது. 1911-இல் அவர் மறைந்தார். ஒரு புரவலரின் ஆயுளோடு கட்டிய சங்கம் அவருக்குப் பிறகு யாரை நம்பும்? அகமதாபாத்தின் சேவா அமைப்பு வேறு வழியில் போயிற்று: 1974-இல் 4,000 ஏழைப் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுத் தங்கள் வங்கியைத் தொடங்கினார்கள். அவர்களில் பலர் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள்.

பெண்கள் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தலைக்கட்டு வரியைப் புகழ்ந்தேன். அதன் மறுபக்கமும் எனக்குத் தெரியும். தலைக்கட்டு என்றால் ஆண். கட்டாதவனை ஊர் ஒதுக்கும். சேரி மக்களிடம் வரி வாங்காமலே ஒதுக்கிவைத்த ஊர்களும் உண்டு. மகமையும் ஒரு சாதிக்குள் சுழன்ற பணம்தான். ஆரணியில் தறி ஒரு சாதியின் வீட்டில் மட்டும் இல்லை. சௌராஷ்டிரர், செங்குந்தர், இன்னும் பல சமூகத்தார் நெய்கிறார்கள். சாதிச் சங்கங்கள் தனித்தனியாக இருக்கின்றன, இருந்துவிட்டுப் போகட்டும். இந்தச் சங்கத்தின் உறுப்பினர் படிவத்தில் அந்தக் கட்டமே இருக்கக்கூடாது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பு நாட்டில் 35 லட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்களைக் கண்டது; அவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். பாவு பிணைப்பது, தார் சுற்றுவது, பாதி நாள் தறியிலேயே உட்காருவது எல்லாம் வீட்டுப் பெண்களின் உழைப்பு. உறுப்பினர் அட்டை மட்டும் கணவர் பெயரில். ஒரு தறிக்கு ஒரு மகமை, இரண்டு உறுப்பினர் என்று வைத்தால் என்ன கெட்டுவிடும்? ஓட்டு இரட்டிப்பாகும். கூட்டத்தில் கேள்வியும் இரட்டிப்பாகும். வரவு செலவைத் துருவிக் கேட்பதில் வீட்டுக் கணக்குப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஈடு இல்லை.

கணக்கு விஷயத்தில் சட்டம் கேட்பது குறைந்தபட்சம்தான். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். ஆண்டுப் பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கை மாவட்டப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். அனுப்பத் தவறிய பல சங்கங்கள் ஒரு தகராறு வரும்போதுதான் விழிக்கின்றன. அதற்குள் யார் தலைவர் என்று இரண்டு கோஷ்டியும் நீதிமன்றப் படியில் நிற்கும். பதிவாளருக்கு ஆண்டுக்கு ஒரு முறை போதும். உறுப்பினருக்கு மாதம் ஒரு முறை வேண்டும். அறைக்கு வெளியே ஒரு கரும்பலகையில், இந்த மாதம் எத்தனை அட்டை விற்றது, எவ்வளவு வந்தது, எதற்குப் போயிற்று, வங்கியில் மீதி எவ்வளவு என நாலு வரி எழுதிப் போட்டால் போதும். பணம் எடுக்க இருவர் கையெழுத்து. தலைவர் பதவி தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் கிடையாது. ‘அவரை விட்டால் ஆள் இல்லை’ என்ற பேச்சு எழும்பும் அன்றே அடுத்த ஆளைத் தேடத் தொடங்கிவிட வேண்டும்.

கடைசியில் கடினமான இடத்துக்கு வருகிறேன். விருதுநகரில் மகமை கட்டியவர் சரக்குக்குச் சொந்தக்காரர். ஆரணியில் கூலிக்கு நெய்பவருக்குப் பாவும் ஊடையும் ஜரிகையும் சொந்தமில்லை. சேலையும் முதலாளிக்குத்தான் போகிறது. அட்டை கட்டலாமா கூடாதா என்று முடிவு செய்கிறவர் முதலாளி. கைத்தறிச் சேலையோடு விசைத்தறிச் சேலையையும் கலந்து விற்கிற ஒருவர் எண் போட்ட அட்டையை ஒருநாளும் விரும்ப மாட்டார். அதைக் கேட்கும் நெசவாளருக்கு அடுத்த பாவு தாமதமாகும். 15 ரூபாயில் பாதியை முதலாளிகள் ஏற்க வேண்டும் என்று வணிகர் சங்கத்தோடு பேசலாம். நேர்மையாக விற்கும் கடைக்காரருக்கு இதில் லாபம் உண்டு என்பதால் சிலர் ஒப்புக்கொள்ளவும் கூடும். அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கூலியில் பிடித்தம் செய்யும் ஏற்பாடு கூட்டுறவுச் சங்கங்களில் ஏற்கெனவே இருக்கிறது. சொந்தமாக நெய்து விற்பவர்களுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். இந்த இரு தரப்பிலிருந்து 600 தறி வேண்டாம், 100 தறி சேர்ந்தாலும் மாதம் 3,000 ரூபாய் வரும்: இன்னும் சிறிய ஓர் அறை, ஒரு பதிவேடு, ஒரு கட்டு அட்டை. எழுத்தருக்கு அந்த ஆண்டு வழி இருக்காது. படித்த பிள்ளைகள் மாலையில் மாற்றி மாற்றி உட்காரட்டும். வரும் ஆவணி முகூர்த்தச் சீசனுக்குள் முதல் ஆயிரம் அட்டை சந்தைக்குப் போய்விட்டால், அட்டை உள்ள சேலைக்கு வாங்குபவர் கூடுதல் விலை தருகிறாரா என்பது தீபாவளிக்குள் தெரிந்துவிடும். முதலாளிகளோடு பேச்சுவார்த்தையை அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கலாம்.